அழுத்தம் அன்று, நோய்

வங்கக் கடலில் புயற்சின்னம் உருவாகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் வானொலியும் நாளிதழ்களும் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று பிழையின்றிச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அதற்கு 'டிப்ரஷன்' என்று பெயர். 1930களில் உலகை உலுக்கிய பொருளாதார வீழ்ச்சிக்கும் அங்கே அதே சொல்தான். நாம் அதனைப் 'பெருமந்தம்' என்றோம். காற்றுக்குத் தாழ்வு, வணிகத்துக்கு மந்தம் என்று இடமறிந்து பெயரிட்ட தமிழ், மனத்துக்கு வரும் 'டிப்ரஷ'னை மட்டும் 'மன அழுத்தம்' என்று எழுதுகிறது. காற்றில் அழுத்தம் குறைவதைச் சுட்டும் அதே சொல், மனத்துக்கு வந்ததும் அழுத்தமாகவே மாறிவிட்டது. வானிலை அறிக்கையில் இப்படித் தலைகீழாக எழுதினால் மீனவர் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். மனநிலை பற்றி நாம் நாள்தோறும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

'மன அழுத்தம்' என்னும் தொடர் தன்னளவில் பிழையானதன்று. 'ஸ்ட்ரெஸ்' எனப்படுவதற்கு அது மிகப் பொருத்தமான சொல். கடன், தேர்வு, மேலதிகாரி, மகளின் திருமணம் என்று வெளியிலிருந்து ஒன்று மனத்தை அழுத்துகிறது. சுமை இறங்கினால் மனம் மெல்ல நிமிர்கிறது. 'டிப்ரஷன்' அவ்வாறானதன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு அதற்கு ஒன்பது குறிகளைத் தருகிறது. வாடிய மனநிலை; எதிலும் ஈடுபாடோ இன்பமோ இன்மை; பசியோ உடல் எடையோ மாறுதல்; உறக்கம் கெடுதல்; உடலியக்கம் மந்தமாதல் அல்லது பதற்றமுறுதல்; அயர்ச்சி; தான் பயனற்றவன் என்னும் எண்ணமும் குற்றவுணர்வும்; சிந்தனை ஒருமுகப்படாமை; சாவைப் பற்றிய நினைவு. இவற்றுள் ஐந்தேனும் இரண்டு வாரம் தொடர்ந்து, ஏறத்தாழ நாள்தோறும் இருக்கவேண்டும். முதலிரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். இந்த ஒன்பதில் அழுத்தம் எங்கே இருக்கிறது? வெளிச்சுமை சிலருக்கு இந்நோயைத் தொடங்கி வைக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுமை ஏதுமின்றியும் அது வரும். சுமை நீங்கிய பின்னும் அது நிற்கும்.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுத்ததை நாம் வகுப்பறையில் ஒப்பிக்க வைக்கிறோம், வாழ்க்கையில் பயன்படுத்துவதில்லை. 'காய்ச்சல்' காரணப்பெயர். உடல் காய்வதால் காய்ச்சல், காரணம் சரி. 'மன அழுத்த'மும் காரணப்பெயர்தான். ஆனால் அது சொல்லும் காரணம் தவறு. தவறான காரணத்தைச் சுமந்த பெயர் சும்மா இராது, கேட்பவர் வாயில் கேள்வியாக முளைக்கும். "வேளாவேளைக்குச் சோறு, கைநிறையச் சம்பளம், உனக்கென்னடா அழுத்தம்?" என்று தாய் கேட்கிறாள். அவள் கொடியவள் அல்லள். தமிழறிந்தவள், அந்தச் சொல் எதைக் கேட்கச் சொல்கிறதோ அதைத்தான் கேட்கிறாள். மகனிடம் விடை இல்லை. விடை இல்லாதபோது, 'எனக்கு நோயே இல்லை, நான் நடிக்கிறேன் போலும், சோம்பேறி போலும்' என்ற முடிவுக்கு அவன் வருகிறான். குற்றவுணர்வு அந்நோயின் குறிகளுள் ஒன்று என்று மேலே கண்டோம். அந்தக் குறியை நம் பெயரே தூபம் போட்டு வளர்க்கிறது.

கல்லூரியில் இதனை ஆண்டுதோறும் காண்கிறேன். வருகைப்பதிவு குறைந்த மாணவர்கள் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவருவார்கள். மஞ்சள் காமாலை என்றிருந்தால் மறுபேச்சில்லை. 'டிப்ரஷன்' என்றிருந்தால் ஆசிரியர் அறையில் ஒரு சிரிப்பு எழும். "எனக்குந்தான் அழுத்தம் இருக்கிறது. நான் லீவு போட்டேனா?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். அவருடைய தருக்கத்தில் பிழையில்லை. எல்லோருக்கும் உள்ள ஒன்றை ஒருவர் மட்டும் நோய் என்று சொல்லி விடுப்புக் கேட்பது சலுகை வேண்டுவதாகத்தான் தோன்றும். பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்கி உண்டுவந்த மாணவி ஒருத்தி, விடுப்பு விண்ணப்பத்தில் 'கடும் வயிற்றுப்போக்கு' என்று எழுதினாள். அதை எழுத அவளுக்குக் கூச்சமில்லை. உண்மையை எழுதத்தான் அஞ்சினாள்.

துயரத்துக்குக் காரணம் கேட்பது நம் மரபில் ஆழ ஊன்றிய பழக்கம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன் வகுக்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபட்டாலோ, இழந்தாலோ, பண்டைய நிலை குலைந்தாலோ, இல்லாமை வாட்டினாலோ அழுகை பிறக்கும். இலக்கியத்துக்கு இந்நான்கும் போதும்; மேடையில் நிற்பவன் ஏன் அழுகிறான் என்று அவையினர்க்குத் தெரிந்தாகவேண்டும் அல்லவா? மருத்துவத்துக்கு இவை போதா. இந்நான்கில் ஒன்றுமில்லாமல், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவனுக்குத் தொல்காப்பியத்தில் இடமில்லை. நம் வீடுகளிலும் இல்லை.

ஒன்றுக்கு இடும் பெயர், அதற்கு யாரை அழைப்பது என்பதையும் தீர்மானிக்கும் என்பதைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். வெறியாட்டுத் துறைப் பாடல்கள் அனைத்தும் இந்த ஒரு முரணின்மேல் நிற்பவை. தலைவி மெலிகிறாள், உறங்காள், வளை கழல்கிறது. தாய் அதற்கு 'முருகு அணங்கியது' என்று பெயரிடுகிறாள். பெயரிட்டதும் வேலன் வருகிறான், களம் இழைக்கப்படுகிறது, ஆடு பலியாகிறது. நோயோ வேறு. தோழிக்கு அது தெரியும், படிக்கும் நமக்கும் தெரியும், நகைக்கிறோம்.

இன்றைய வேலன்மாரைப் பார்த்து யாரும் நகைப்பதில்லை. 'பேய்' என்று பெயரிட்டால் சங்கிலி. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பியோட முடியாமல் எரிந்தனர். 28 பேர் மாண்டனர். 'அழுத்தம்' என்று பெயரிட்டால் கொடைக்கானலுக்குச் சுற்றுலா, யோகா வகுப்பு, தன்னம்பிக்கை நூல். 'சோர்வு' என்று மட்டும் சொன்னால் வசவு. 'வயசுக் கோளாறு' என்றால் கால்கட்டு. திருமணம் செய்துவைத்து, ஒருவர் துன்பத்தை இருவர் துன்பமாக்கிவிடுவார்கள். 'நோய்' என்று பெயரிட்டால்தான் மருத்துவர் நினைவுக்கு வருகிறார்.

நாளிதழ்களின் பங்கு இதில் பெரிது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். தமிழகத்தில் மட்டும் 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம். ஒவ்வொரு தற்கொலைக்கும் பின்னே மனநோய் உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் செய்தியாளரின் அச்சு வார்ப்பைப் பாருங்கள்: 'மன உளைச்சலில் இருந்தவர்', 'வாழ்க்கையில் விரக்தியுற்று', 'தீராத வயிற்றுவலியால்'. இன்ன துன்பம் வந்தது, ஆகவே மாண்டார் என்று இரண்டே வரியில் காரண காரியம் முடிந்துவிடுகிறது. இடையே மருத்துவத்தால் தீர்க்கத்தக்க ஒரு நோய் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வாசகனுக்குத் தோன்ற வழியே இல்லை. அதே துன்பத்தில் இருக்கும் இன்னொருவன் அதைப் படிக்கிறான் என்பதையும் யாரும் எண்ணுவதில்லை.

"பெயரை மாற்றினால் இழிவு போய்விடுமா?" என்று கேட்பவர் உண்டு. போகாது. குட்டம், பெருநோய், தொழுநோய் என்று சொற்கள் மாறியபோதெல்லாம் இழிவும் கூடவே வீடு மாறிற்று. 1980களில் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சைதான் நிலைமையை மெய்யாக மாற்றியது. ஆயினும் மருத்துவரிடம் நோயாளி சென்று சேர்வதற்கும், மருத்துவர் வாய்திறந்து நோயைச் சொல்வதற்கும் பெயர் உதவும். சான்று ஜப்பான். நாம் மனச்சிதைவு என்று சொல்லும் நோய்க்கு அங்கே 'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில் பெயர் இருந்தது. அதை மாற்றுமாறு நோயாளிகளின் குடும்பத்தார் கூட்டமைப்பு 1993இல் கோரியது. 2002இல் 'ஒருங்கிணைப்புக் குலைவு' என்னும் பொருள்படும் பெயர் ஏற்கப்பட்டது. அதுவரை நூற்றில் ஏறத்தாழ 37 நோயாளிகளுக்கே அவர்தம் நோய் இன்னதென்று மருத்துவர் சொல்லிவந்தனர். 2004இல் அது ஏறத்தாழ 70 ஆயிற்று.

அதே ஜப்பான் மறுபுறத்து எச்சரிக்கையும் தருகிறது. 2000ஐ ஒட்டிப் புதிய மனச்சோர்வு மருந்துகள் அங்கே விற்பனைக்கு வந்தபோது, 'டிப்ரஷன்' என்பது 'மனத்துக்குப் பிடித்த ஜலதோஷம்' என்று விளம்பரங்கள் பரப்பின. கூச்சம் குறைந்தது, மருந்து விற்பனை பெருகியது. ஆனால் ஜலதோஷம் தானே போய்விடும். இது பலருக்கு அப்படிப் போவதில்லை, சிலரைக் கொண்டும் போகும். ஆகவே இனிப்புத் தடவிய பெயரும் எனக்கு வேண்டா. வேண்டுவது துல்லியம்.

இலக்கிய அன்பர்களிடம் தனியே ஒரு வழக்கு உண்டு. 'கடும் மன அழுத்தத்தில் எழுதிய கவிதைகள்' என்று முன்னுரையில் பதக்கம்போல் குத்திக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கிரேக்கர் இந்நோயைக் கரும்பித்தத்தின் விளைவென்று கருதிப் பெயரிட்டதும், நாம் பித்தத்திலிருந்தே 'பித்து' என்ற சொல்லை வைத்திருப்பதும் உண்மை. பித்தைப் புலமையின் அடையாளமாக்குவது பழைய ஆசை. ஆனால் நோயில் கிடந்தெழுந்த எழுத்தாளரைக் கேளுங்கள். அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன், தம் நோயைப் பற்றி 1990இல் வெளிவந்த 'டார்க்னஸ் விசிபிள்' நூலில், பொருளாதாரச் சரிவுக்கும் தரைப்பள்ளத்துக்கும் வழங்கும் வலுவற்ற ஒரு சொல்லை இத்தகைய கொடிய நோய்க்கு வைத்தார்களே என்று குமுறுகிறார். அந்நோய் அவருக்குக் கவிதை தரவில்லை, தற்கொலையின் விளிம்புவரை கொண்டுசென்றது, மருத்துவமனைதான் மீட்டது. நோயை அணியாக்கும் ஒவ்வொருவரும், மெய்யான நோயாளியின் சொல்லை நம்பமுடியாததாக ஆக்குகிறார்கள்.

சரி, என்னதான் பெயர்? புதிதாக ஒன்றும் புனைய வேண்டியதில்லை. 'தாழ்வு' என்பதைத் தாழ்வு மனப்பான்மை முன்பே பிடித்துக்கொண்டது. பாடநூல்களிலும் மருத்துவர் எழுத்திலும் 'மனச்சோர்வு' ஏற்கெனவே உண்டு. அதனோடு 'நோய்' என்பதை விடாமல் சேர்த்து 'மனச்சோர்வு நோய்' என்று எழுதுவோம். 'மன அழுத்த'த்தை 'ஸ்ட்ரெஸ்'ஸுக்கே விட்டுவிடுவோம். சோர்வு ஒன்பதில் ஒரு குறிதானே என்றால், ஆம். சர்க்கரை நோய் என்பதும் முழு நோயைச் சொல்வதில்லை. ஆனால் 'நோய்' என்ற ஒட்டு இருப்பதால், சர்க்கரை நோயாளியிடம் 'மனத்தைத் திடப்படுத்திக்கொள், சரியாகிவிடும்' என்று யாரும் சொல்வதில்லை. தேநீர்க் கடையில் "சர்க்கரை போடாதீங்க, எனக்குச் சுகர்" என்று அவர் உரக்கச் சொல்கிறார். அந்த உரத்த குரல் மற்றவருக்கும் வேண்டும்.

சட்டம் நம்மைவிட முன்னே சென்றுவிட்டது. 1912இன் சட்டம் இவர்களைப் பைத்தியம் என்றது. 1987இல் அப்பெயர் போயிற்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்கிறது. இந்தியாவில் இருபதில் ஒருவர் மனச்சோர்வு நோயால் வருந்துவதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு சொல்லிற்று. அறுபது பேர் உள்ள என் வகுப்பில் அக்கணக்குக்கு மூவர். 'ஊனமுற்றோர்' என்பதைக் கைவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்று எழுத நம் இதழ்களுக்குச் சில ஆண்டுகளே பிடித்தன. ஆகவே இயலாது என்று ஆசிரியர் குழுக்கள் சொல்ல முடியாது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒருவர் வந்து "எனக்கு டிப்ரஷன்" என்று சொன்னால், "என்ன அழுத்தம்?" என்று கேளாதீர்கள். "எத்தனை நாளாக?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.