வைஃபை ஸ்லோவா? முதல்ல ஒரு கேபிளைத் தேடுங்க!

மக்களே, போன வாரம் எங்க வீட்டுல ஒரே ரணகளம். லேப்டாப்புல நெட் ஆமை வேகம். மகளோட ஆன்லைன் இண்டர்வியூ பாதியிலேயே கட். "நீ படமா டவுன்லோட் பண்ணித் தள்றதுதான் காரணம்"னு அவ மேலயே எரிஞ்சு விழுந்தேன். அடுத்து கஸ்டமர் கேர் தம்பிக்கு அர்ச்சனை. அவர் பொறுமையா கேட்டுட்டு, "100 எம்பிபிஎஸ் பத்தாது சார், 300க்கு மாறிடுங்க"ன்னார். நானும் கார்டைக் கையில எடுத்துட்டேன்.

நல்லவேளை, பரண்ல கிடந்த லேன் கேபிள் ஞாபகம் வந்துச்சு. லேப்டாப்பை நேரா ரவுட்டர்ல மாட்டி ஸ்பீட் டெஸ்ட் போட்டா, 94! அதே லேப்டாப், படுக்கையறையில வயர்லெஸ்ல வெறும் 6. ஆக, காசு கொடுத்த வேகம் வீடு வரைக்கும் ஒழுங்காத்தான் வருது. வீட்டுக்குள்ளதான் தொலையுது.

ரவுட்டர் எங்க இருந்துச்சு தெரியுமா? ஹால் அழகு கெடுதேன்னு நானே இரும்பு பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தேன். இரும்பு ரேடியோ அலையை மறிச்சுடும். போதாததுக்கு லேப்டாப் பிடிச்சிருந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத் எல்லாம் குடியிருக்கிற அதே தெரு. அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல்னு பார்த்தா 1, 6, 11 மூணுதான். அபார்ட்மெண்ட்ல எல்லா வீட்டு ரவுட்டரும் அங்கேதான் முண்டியடிக்குது. 5 கிகாஹெர்ட்ஸ்ல இடம் தாராளம். ஆனா ரெண்டு சுவரைத் தாண்டினா மூச்சு வாங்கும்.

ரவுட்டரை ஹால் அலமாரியோட மேல் தட்டுக்கு ஏத்தி, லேப்டாப்பை 5க்கு மாத்தினேன். இப்போ படுக்கையறையில 70. செலவு சைபர்.

என்னைக் கேட்டா, காரணம் தெரியாம பிளானை ஏத்துறது ஓட்டைக் குடத்துல இன்னும் ரெண்டு வாளி தண்ணி ஊத்துற கதைதான். கேபிள்லயும் 10 தான் காட்டுதா? தாராளமா கம்பெனிக்காரங்களோட சண்டை போடுங்க. அதுக்கு முன்னாடி யார் மேலயும் பாயாதீங்க.

மகள்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. "சரிப்பா, அந்த இண்டர்வியூ?"ன்னு கேட்டா. பதில் சொல்லத் தெரியலை.

டிஸ்கி: எட்டு மெகாபிட் சேர்ந்தாத்தான் ஒரு மெகாபைட். 100 எம்பிபிஎஸ் பிளான்ல டவுன்லோட் நொடிக்கு 12 எம்பின்னு காட்டுதேன்னு அழாதீங்க. கணக்கு சரிதான்.