சீட்டு வாங்கியது மெல்பேர்னில், பொருந்துவது எந்த நாட்டுச் சட்டம்?

ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகருக்குத் தென்கிழக்கே உள்ள கிளென் வேவர்லி, இந்திய, இலங்கை, சீன வம்சாவளியினர் கணிசமாக வாழும் புறநகர்ப் பகுதி. இங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் விடுமுறைக் காலத்தில் ஆலோசிக்கும் தெரிவுகளில் ஒன்றாக, பெருங்கப்பலில் ஒரு வார கால வெப்பமண்டலப் பயணம் இடம்பிடித்துள்ளது. தாயகத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்லலாம். தங்குமிடமும் உணவும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும் என்பதே இதன் கவர்ச்சி.

ஆனால் அந்தக் கட்டணம் எவ்வாறு மலிவாகிறது, கடலில் அசம்பாவிதம் நேர்ந்தால் பயணியின் உரிமை என்ன என்ற கேள்விகளுக்கான பதில்கள் விளம்பரத் தாள்களில் இடம்பெறுவதில்லை. ஆஸ்திரேலிய நீதிமன்றங்களே அவற்றுக்கு விடை தேட வேண்டியிருந்தது.

பூகோளமும் கட்டணமும்

மெல்பேர்னிலிருந்து வெப்பமண்டலம் வெகு தொலைவு. நியூ கலிடோனியாவின் தலைநகர் நூமியாவை அடைய ஒரு கப்பலுக்கு மூன்று நாட்களுக்கு மேல் தேவைப்படும். போகவும் வரவும் அதே காலம் என்றால் ஒரு வாரம் கடலிலேயே கழிந்துவிடும். எனவே ஏழு நாட்களில் பவளத் தீவுகளைக் காண விரும்புவோர், பெரும்பாலும் விமானத்தில் பிரிஸ்பேன் சென்று அங்கிருந்து கப்பலேறுகின்றனர். போர்ட் மெல்பேர்னில் உள்ள ஸ்டேஷன் பியர் துறையிலிருந்து புறப்படும் குறுகிய பயணங்கள் டாஸ்மேனியா போன்ற குளிர்ந்த திசைகளையே நாடுகின்றன.

அந்தத் துறையின் நிலையும் மாறி வருகிறது. விக்டோரியா மாநில அரசின் துறைமுகக் கட்டண உயர்வைத் தொடர்ந்து, பிரின்சஸ் உள்ளிட்ட சில நிறுவனங்கள் மெல்பேர்னைத் தமது தளமாகக் கொள்வதைக் கைவிடுவதாக 2023-ஆம் ஆண்டில் அறிவித்தன. ஆஸ்திரேலியர்களுக்கு நன்கு அறிமுகமான பி அண்ட் ஓ குரூசஸ் ஆஸ்திரேலியா என்ற பெயரும் 2025 மார்ச் மாதத்துடன் மறைந்து, தாய் நிறுவனமான கார்னிவலுடன் இணைக்கப்பட்டது. ஒரு துறைமுகத்தில் செலவு கூடினால் கப்பல் வேறு துறைமுகம் நோக்கித் திரும்பிவிடும். விடுதியையோ தொழிற்சாலையையோ போல அது ஓரிடத்தில் வேரூன்றியதல்ல. இந்த நகரும் தன்மையே இத்தொழிலின் பலம். ஒழுங்குபடுத்த முனையும் அரசுகளின் பலவீனமும் அதுவேயாகும்.

இரு வழக்குகள்

1986-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், சிட்னியிலிருந்து 14 நாள் பயணமாகப் புறப்பட்ட சோவியத் கப்பலான மிகைல் லெர்மன்தோவ், நியூசிலாந்துக் கரையோரம் பாறையில் மோதி மூழ்கியது. 700-க்கும் மேற்பட்டோர் இருந்த அந்தக் கப்பலில் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். பயணி ஒருவர் தொடுத்த வழக்கில், முன்பதிவின்போது கவனத்துக்குக் கொண்டுவரப்படாமல், பின்னர் வழங்கப்பட்ட சீட்டில் அச்சிடப்பட்டிருந்த நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தா என்று கீழ் நீதிமன்றங்கள் கூறின. 1993-இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமான ஹைகோர்ட், இன்பமாக அமைய வேண்டிய விடுமுறை குலைந்ததால் ஏற்பட்ட ஏமாற்றத்துக்கும் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே வேளை, பயணத்தின் ஒரு பகுதியை அவர் அனுபவித்துவிட்டதால் முழுக் கட்டணத்தைத் திருப்பிக் கோர முடியாது என்றும் அது கூறியது.

இரண்டாவது வழக்கு அண்மைக் காலத்தது. 2020 மார்ச் 8-ஆம் தேதி சிட்னியிலிருந்து நியூசிலாந்து நோக்கிப் புறப்பட்ட ரூபி பிரின்சஸ், மார்ச் 19-ஆம் தேதி திரும்பியது. கொரோனா பரிசோதனை முடிவுகள் வரும் முன்னரே 2,600-க்கும் மேற்பட்ட பயணிகள் கரையிறங்க அனுமதிக்கப்பட்டனர். அந்தக் கப்பலுடன் தொடர்புடைய மரணங்கள் 28. கப்பலைக் குறைந்த ஆபத்துள்ளதாக வகைப்படுத்தியது கடுமையான தவறு என்று, வழக்கறிஞர் பிரெட் வாக்கர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2020 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சுகாதாரத் துறையைச் சாடியது.

அதன் பின்னர் கார்னிவல் நிறுவனத்துக்கு எதிரான கூட்டு வழக்கில் எழுந்த கேள்வி சட்ட உலகின் கவனத்தை ஈர்த்தது. பயணிகளில் சுமார் 700 பேருக்கு அமெரிக்க நிபந்தனைகள் பொருந்தின. கூட்டு வழக்கில் சேர மாட்டோம், அமெரிக்க நீதிமன்றத்தையே நாடுவோம் என அவை கூறின. அந்நிபந்தனைகள் செல்லும் என்று முழு ஃபெடரல் நீதிமன்றம் 2022-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. ஆனால் 2023 டிசம்பரில் ஹைகோர்ட் அதனை ஒருமனதாக மாற்றியது. ஆஸ்திரேலியாவில் வணிகம் செய்யும் நிறுவனம், ஒப்பந்தத்தை எந்த நாட்டில் எழுதியிருப்பினும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என்றும், கூட்டு வழக்கைத் தடுக்கும் நிபந்தனை நியாயமற்றது என்றும் அது தீர்ப்பளித்தது.

வெற்றியின் அளவு

எனினும் இந்த வெற்றியை மிகைப்படுத்திப் பார்ப்பதற்கில்லை. 2023 அக்டோபரில் ஃபெடரல் நீதிமன்றம், நிறுவனம் கவனக்குறைவாக நடந்து நுகர்வோர் சட்டத்தையும் மீறியது என்று கண்டறிந்தது. ஆயினும் வழக்கை முன்னின்று நடத்திய பயணிக்குக் கிடைத்தது மருத்துவச் செலவுக்கான சுமார் 4,400 டாலர் மட்டுமே. அவர் கோரியிருந்ததோ மூன்று லட்சம் டாலருக்கும் அதிகம். கட்டணத்தை நிறுவனம் முன்னரே திருப்பித் தந்திருந்ததும், உடல்நலப் பாதிப்புக்கு இழப்பீடு பெறச் சட்டம் வகுத்துள்ள உயர்ந்த வரம்பும் இதற்குக் காரணங்களாயின. சட்டக் கோட்பாட்டில் பயணி வென்றார் என்றாலும், அந்த வெற்றியின் பண மதிப்பு சிறிதே.

அன்றாட ஏமாற்றங்களைப் பொறுத்தவரை பயணியின் நிலை மேலும் பலவீனமானது. 2024 மே மாதம் நியூ கலிடோனியாவில் கலவரம் வெடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. இத்தகைய வேளைகளில் கப்பல்கள் பாதையை மாற்றிக்கொள்வது தவிர்க்க இயலாதது. அதற்கான உரிமையைப் பயண ஒப்பந்தங்கள் பொதுவாக நிறுவனத்துக்கே அளிக்கின்றன. மேலும், வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்லும் பயணத்தில் மெடிகேர் காப்பீட்டை நம்பியிருக்க முடியாது. மூத்தோருடன் செல்லும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல.

பணியாளர்களின் பக்கம்

கட்டணம் மலிவாக இருப்பதன் மற்றொரு காரணம் கப்பலின் கீழ்த் தளங்களில் உள்ளது. ரூபி பிரின்சஸ் பெர்முடாவின் கொடி தாங்கிய கப்பல். பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்ட கப்பல்களும் ஏராளம். கப்பலுக்குள் வேலை நிலைமைகளைப் பெரிதும் தீர்மானிப்பது கொடி நாட்டின் சட்டமே. ஆஸ்திரேலியாவின் 2012-ஆம் ஆண்டுக் கரையோர வணிகச் சட்டத்தின் உரிம விதிகளிலிருந்தும் பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அதன்படியும், ஏழு நாட்களில் 77 மணி நேர ஓய்வு அளித்தால் போதுமானது. உழைப்பு நேரத்தின் அடிப்படையில் கணக்கிடும் நாடுகளில் உச்ச வரம்பு வாரத்துக்கு 72 மணி நேரம்.

இந்தப் பணியாளர்களில் தமிழர்களும் உள்ளனர். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் தடுத்து வைக்கப்பட்டபோது, அதிலிருந்த 3,711 பேரில் 138 பேர் இந்தியர்கள். அவர்களில் 132 பேர் ஊழியர்கள். தமிழகத்தைச் சேர்ந்தோரும் அவர்களில் இருந்தனர். பயணிகள் அறைகளுக்குள் தனிமைப்படுத்தப்பட்டபோதும், அவர்களுக்கு உணவு கொண்டு சேர்க்கும் பணியை ஊழியர்கள் தொடர வேண்டியிருந்தது. கிளென் வேவர்லியிலிருந்து செல்லும் தமிழ்ப் பயணியும், அவருக்கு உணவு பரிமாறும் தமிழ் இளைஞரும் ஒரே கப்பலில் இருந்தாலும், இருவருக்கும் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு ஒன்றல்ல.

தாயகத்திலும் இதே கேள்வி

இத்தொழில் தமிழர் வாழும் கரைகளையும் எட்டிவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலின் பயணத்தைத் தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதே கப்பல் தங்கள் கரைக்கு வர புதுச்சேரி நிர்வாகம் அனுமதி வழங்கவில்லை. கப்பலில் சூதாட்டம் நடைபெறும் என்ற எதிர்ப்பு அங்கு எழுந்திருந்தது. 2023 ஜூனில் எம்பிரஸ் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறையை அடைந்தபோது, அது போருக்குப் பிந்தைய வடபகுதியின் மீட்சிக்கு அடையாளமாகப் பேசப்பட்டது. வருகையும் வருவாயும் பேசப்பட்ட அளவுக்குப் பயணியின் உரிமையும் ஊழியரின் நிலையும் பேசப்படவில்லை.

ஆஸ்திரேலிய அனுபவம் தரும் பாடம் இங்கேதான் பயன்படுகிறது. அங்கு பயணிகளின் உரிமை, கப்பல் நிறுவனங்களின் தாராள மனத்தால் வந்ததல்ல. வலுவான நுகர்வோர் சட்டம் இருந்தது. பலர் ஒன்றிணைந்து வழக்காட வழி இருந்தது. ஆண்டுக் கணக்கில் போராடப் பயணிகள் முன்வந்தனர். இவை இல்லாத கரைகளில், கப்பல் நிறுவனம் எழுதிய நிபந்தனைகளே சட்டமாகிவிடும் அபாயம் உண்டு.

பயணத்தைத் திட்டமிடும் குடும்பங்கள் பணம் செலுத்துமுன் கேட்க வேண்டியவை மூன்று. பிணக்கு எழுந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்? கப்பலில் நோயுற்றால் சிகிச்சைக்கும் அவசரமாகக் கரை சேர்ப்பதற்கும் யார் செலவழிப்பது? துறைமுகம் மாறினாலோ பயணம் ரத்தானாலோ திரும்பக் கிடைப்பது என்ன? இவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வது, ஜன்னல் உள்ள அறையா இல்லாத அறையா என்று விசாரிப்பதைக் காட்டிலும் முக்கியமானது.