பீட் பெயர் சொல்லாத ராணி

வெளியில் ஒரு முடிவெடுத்துவிட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் அதை மாற்றிக்கொள்கிற கணவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1,400 வருடங்களுக்கு முன்பு ஒரு ராஜாவுக்கும் அதே கதைதான். அவர் எடுத்த முடிவு, மதம் மாறுவது!

அப்போது இங்கிலாந்து ஒரே நாடு அல்ல. ஆங்கிலோ-சாக்சன் ராஜாக்கள் ஆளுக்கொரு பகுதியை ஆண்டார்கள். 597-ல் ரோமிலிருந்து அகஸ்டின் என்ற துறவி வந்து இறங்க, தெற்கே கென்ட் அரசர் எத்தல்பெர்ட் கிறிஸ்தவரானார். அன்றைக்குச் செல்வாக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. கிழக்கு ஆங்கிலியாவின் ராஜா ரெட்வால்ட், கென்ட்டுக்குப் போன இடத்தில் தானும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

ராணி ஒப்புக்கொள்ளவில்லை. அரண்மனையில் இருந்த ஆலோசகர்களும் அவள் பக்கம். ராஜா என்ன செய்தார் தெரியுமா? ஒரே கோயிலுக்குள் இரண்டு பலிபீடங்கள் வைத்தார். ஒன்று கிறிஸ்துவுக்கு. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று, பழைய தெய்வங்களுக்குப் பலி கொடுக்க. யாரையும் பகைத்துக்கொள்ள மனசு வராத மனிதர் போலிருக்கிறது!

731-ல் ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை எழுதி முடித்த துறவி பீட், இதைக் கோபத்தோடு எழுதியிருக்கிறார். ராஜாவின் மனதைக் கெடுத்தவர்கள் பட்டியலில் ராணிக்குத்தான் முதலிடம்.

அதே புத்தகத்தில் அதே ராணி இன்னொரு இடத்திலும் வருகிறாள்.

எட்வின் என்ற இளவரசன், வடக்கே நார்தம்ப்ரியாவிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்து ரெட்வால்டிடம் அடைக்கலம் கேட்டான். அவனைத் துரத்திய ராஜா எத்தல்ஃப்ரித் விடவில்லை. ‘அவனைக் கொன்றுவிடு, வெள்ளி தருகிறேன்’ என்று தூது அனுப்பினான். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறை. கூடவே போர் மிரட்டல். ரெட்வால்ட் கடைசியில் இறங்கிவிட்டார். சேதி ஒரு நண்பன் மூலம் ராத்திரியில் எட்வின் காதுக்கு வந்தது. தப்பி ஓட வழியிருந்தும் அவன் போகவில்லை. ‘எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாதவர் கொடுத்த வாக்கை நான் முந்திக்கொண்டு முறிப்பதா?’ என்று அரண்மனை வாசலிலேயே இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே ராஜா தன் திட்டத்தை ராணியிடம் ரகசியமாகச் சொன்னார். அவள் தடுத்தாள். கஷ்டத்தில் இருக்கும் நண்பனைக் காசுக்கு விற்பது ஒரு பெரிய ராஜா செய்கிற காரியமா, எந்த நகையையும்விட மானம் பெரிதில்லையா என்று கேட்டாள். ரெட்வால்ட் மனசு மாறியது. தூதர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததுமே படை திரட்டிப் புறப்பட்டார். ஐடில் ஆற்றங்கரையில் எத்தல்ஃப்ரித் கொல்லப்பட்டான். அந்த வெற்றிக்கு ரெட்வால்ட் கொடுத்த விலை, மகன் ரேகன்ஹெரின் உயிர்.

எட்வின் நார்தம்ப்ரியாவின் ராஜாவானான். 627 ஈஸ்டர் அன்று யார்க் நகரில் ஞானஸ்நானம் பெற்றான். பிறகு ரெட்வால்டின் இன்னொரு மகன் எயார்ப்வால்டையும் அவனே பேசிக் கிறிஸ்தவனாக்கினான். பழைய தெய்வங்களை விடமாட்டேன் என்றவளின் ஒரு வார்த்தை பிழைக்க வைத்த உயிர்! பீட் அவள் பெயரைக்கூட எழுதவில்லை.

1939-ல் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது, சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலின் தடம் கிடைத்தது. அது ரெட்வால்டின் கல்லறை என்றுதான் ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். கப்பலோடு புதைப்பது பழைய மதத்துப் பழக்கம். உள்ளே இருந்த வெள்ளிக் கிண்ணங்களிலோ சிலுவை வடிவ அலங்காரம். லண்டன் போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம்.