பிள்ளையின் இருதய ஓட்டைக்கு ஜாதகமா மருந்து?

நமது கொங்கு நாட்டில் ஒரு கைக்குழந்தை பால் குடிக்கையில் மூச்சு வாங்கி, நெற்றி வியர்த்து, அழும்போது உதடும் நகமும் நீலம் பாரிக்குமானால், பெற்றோர்களில் பலர் முதலில் போவது எங்கே? டாக்டரிடமா? இல்லை, ஜோசியனிடம். அவன் "பாலாரிஷ்டம், பரிகாரம் செய்" என்பான். பூசாரி தாயத்துக் கட்டுவான். "கிரகணத்தன்று இவள் வாசலுக்கு வந்தாள்" என்று பாட்டி சொல்லுவாள். முடிவில் குற்றவாளியாவது பெற்றவள்தான்!

உண்மை என்ன? பிறக்கும் 1000 பிள்ளைகளில் 8 அல்லது 9 பிள்ளைகளுக்கு இருதயம் கருவிலேயே சரிவர அமையாமல் போகிறது. இது ஜாதி பார்த்தோ நட்சத்திரம் பார்த்தோ வருவதல்ல. இருதயத்தின் நடுச்சுவரில் பெரிய ஓட்டை இருந்தால், இரத்தம் அளவுக்கு மிஞ்சி நுரையீரலுக்குப் பாய்கிறது. நாளடைவில் அங்குள்ள குழாய்கள் தடித்து இறுகிவிடுகின்றன. அப்படி இறுகிய பின் எந்த டாக்டராலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. ஆகவே, பரிகாரத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் ஆயுளிலிருந்து திருடப்பட்டதேயாகும்.

சொந்தத்தில் கலியாணம் செய்வது இந்த ஆபத்தைக் கூட்டும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். பத்துப் பொருத்தம் பார்க்கும் எந்த ஜோசியனாவது இதைச் சொன்னதுண்டா?

நீலம் பாரித்த பிள்ளையைப் பிழைக்க வைக்க வழி கண்டவர்கள் யார்? 1944 நவம்பர் 29-ந் தேதி அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், கைக்குப் போகும் இரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்து ஆப்பரேஷன் செய்தார்கள். யோசனை கொடுத்தவர் ஹெலன் டாசிக் என்னும், காது கேளாத பெண் டாக்டர். கத்தி பிடித்தவர் பிளாலாக். அதைச் செய்யும் முறையை முன்னரே நாய்களிடம் செய்து தேர்ந்து, அன்று பிளாலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ். அவர் கறுப்பர், தச்சு வேலை செய்தவர், கல்லூரிக்கென்று சேர்த்த பணத்தைப் பாங்கு முறிந்ததால் இழந்தவர். ஆராய்ச்சி வேலை செய்த அவருக்குக் கூட்டிப் பெருக்குகிறவரின் சம்பளமே கொடுத்தார்கள். 1976-ல்தான் கௌரவ டாக்டர் பட்டம் வந்தது. பிறவியிலேயே அறிவு உண்டென்று பேசுவோர் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

பணமில்லையே என்று மயங்க வேண்டாம். நமது மாகாணத்தில் 2008-லேயே இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் பிள்ளைகளின் இருதய ஆப்பரேஷனுக்கு வழியுண்டு. இது பிச்சையல்ல, நமது வரிப்பணம், கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. ஆண்பிள்ளை என்றால் காடு விற்றாவது வைத்தியம் பார்க்கிறவர்கள், பெண்பிள்ளை என்றால் "நெஞ்சில் தழும்பிருந்தால் யார் கட்டுவான்?" என்று தயங்குகிறார்கள். தழும்போடு உயிருள்ள மகள் வேண்டுமா, தழும்பில்லாத பிணம் வேண்டுமா? யோசித்துப் பாருங்கள். யோசித்ததும், ஜாதகக் கட்டை மூடிவிட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.