சுவர்களோடு வேலையும் காக்கப்பட வேண்டும்

சிங்கப்பூரின் ஹில் ஸ்திரீட்டில், ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் மத்தியத் தீயணைப்பு நிலையம் 1908இல் கட்டப்பட்டது. நாட்டில் எஞ்சியிருக்கும் தீயணைப்பு நிலையங்களில் இதுவே மிகப் பழையது. 1998 டிசம்பர் 18 அன்று தேசிய நினைவுச்சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. இவற்றை எல்லாம்விடப் பெரிய செய்தி, நூறாண்டு கடந்தும் தீயணைப்பு வண்டிகள் இங்கிருந்து புறப்பட்டுக்கொண்டே இருக்கின்றன என்பதுதான். கட்டடத்துக்குக் கிடைத்துள்ள சட்டக் காப்பு இந்த வேலைக்கும் கிடைக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் எளிதில் தீப்பற்றக்கூடிய நகரம். கடைவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மாடித் தளமும் படிக்கட்டும் மரம். ஆற்றோரக் கிடங்குகளில் கொப்பரையும் எண்ணெயும் துணியும் குவிந்து கிடந்தன. தீயணைப்போ காவலர்களும் படைவீரர்களும் கைதிகளும் தொண்டர்களும் கூடிச் செய்த அவசர வேலையாகவே நெடுங்காலம் இருந்தது. முறையான படை 1888இல்தான் அமைந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த மான்டேகு வில்லியம் பெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பொறுப்பை ஏற்றார். தீயணைப்பையே தொழிலாகக் கற்ற ஒருவரின் கைக்குப் படை வந்தது அப்போதுதான். அவர் காலத்தில் எழுந்ததே இந்த நிலையம்.

வெறும் செங்கல் வரிகளுக்கு இடையே வெள்ளைப் பூச்சுப் பட்டைகள் ஓடும் கட்டுமான முறை எட்வர்டு மன்னர் கால இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. இரத்தமும் காயக்கட்டும் போல இருப்பதாகச் சொல்லி, அதற்கு அப்படியே ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். ஆயினும் இந்த நிலையத்தின் உண்மையான அழகு நிறத்தில் இல்லை. ஒவ்வொரு பகுதியும் ஒரு வேலைக்காகப் பிறந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. தரைத்தளத்தின் அகன்ற வாயில்கள் வண்டிகள் தடையின்றித் தெருவில் இறங்குவதற்காக. வீரர்களின் குடியிருப்பு அதே வளாகத்தில் அமைந்தது, அழைப்பு வந்த நொடியில் ஆட்கள் வண்டிக்கு அருகிலேயே இருப்பதற்காக. பழுதுபார்க்கும் பட்டறையும் பயிற்சி முற்றமும் அதே வளாகத்துக்குள் இருந்தன.

கோபுரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 100 அடி உயரம். கட்டப்பட்ட காலத்தில் சுற்றுவட்டாரத்தில் அதற்கு நிகரான உயரம் இல்லை. மேலே நின்ற காவல்வீரர் ஓட்டுக்கூரைகளுக்கு மேல் எங்காவது புகை எழுகிறதா என்று கவனித்தார். அன்றைய தண்ணீர்க் குழாய்கள் கான்வாஸ் துணியாலானவை. நனைந்த குழாயைச் சுருட்டி வைத்தால் இழை மக்கிவிடும்; அடுத்த தீயில் நீரின் அழுத்தம் தாங்காமல் கிழியும். அதனால் ஒவ்வொரு தீயணைப்புக்குப் பிறகும் குழாய்கள் கோபுரத்தில் நெடுக்காகத் தொங்கவிடப்பட்டன. உள்ளே நின்ற நீர் வடிந்து, காற்றில் உலர்ந்த பின்பே வண்டியில் ஏறின. காவலுக்கும் உலர்த்தலுக்கும் பயிற்சிக்கும் ஒரே கோபுரம் போதுமானதாக இருந்தது.

நகரம் உயர உயரக் கோபுரத்தின் பார்வை மறைந்தது. நிலையத்தின் தேவை மறையவில்லை. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. 1972 நவம்பர் 21 அன்று ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் பேரங்காடி எரிந்தது. 9 பேர் உயிரிழந்தனர். தீத்தடுப்பு விதிகள் கடுமையாவதற்கு அந்த விபத்து ஒரு காரணம். 1989இல் தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையுடன் இணைந்தது. 2001 முதல் நிலையத்தின் ஒரு பகுதியில் மரபுடைமைக் கூடம் இயங்குகிறது. பழைய தீயணைப்பு வண்டிகளைப் பார்த்துவிட்டு வெளியே வரும் குழந்தை, சில அடி தள்ளி இன்றைய வண்டி புறப்படத் தயாராக நிற்பதையும் பார்க்கிறது. வேலை போய்விட்ட எந்த அருங்காட்சியகமும் இதைத் தர முடியாது.

வேலை போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் லண்டன் ரோடு தீயணைப்பு நிலையம் 1906இல் திறக்கப்பட்டது. சிவப்புச் செங்கல்லும் சுட்டமண் அலங்காரமுமாக எழுந்த அந்தப் பெரிய கட்டடத்தில் காவல் நிலையம், வங்கி, சந்தேக மரணங்களை விசாரிக்கும் நீதிமன்றம், வீரர்களின் குடும்பங்களுக்கான வீடுகள் எல்லாம் ஒரே முற்றத்தைச் சூழ அமைந்திருந்தன. 1986இல் தீயணைப்புப் படை வெளியேறியது. மரபுக் கட்டடப் பட்டியலில் உயர்ந்த இடத்தில் இருந்தும், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது பாழடைந்து கிடந்தது. சட்டம் இடிப்பைத் தடுத்தது, சிதைவைத் தடுக்கவில்லை.

சிங்கப்பூரிலேயே பாடம் உண்டு. 1956இல் கட்டப்பட்ட புக்கிட் தீமா தீயணைப்பு நிலையம் 2005இல் பணியிலிருந்து விலகியது. அதன் பிறகு மாற்றுப் பயன் தேடும் நிலை வந்தது. ஹில் ஸ்திரீட்டிலேயே, 1934இல் எழுந்த பழைய காவல் நிலையம் 927 சன்னல்களும் வண்ணம் பூசி அரசு அலுவலகமாக விளங்குகிறது. நன்றாகவே பராமரிக்கப்படுகிறது, புகைப்படம் எடுக்கக் கூட்டம் கூடுகிறது. ஆனால் அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அங்கே நிற்பவருக்குப் பெயர்ப்பலகைதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. இன்றைய வண்டிகள் பெரியவை, பழைய வாயில்கள் அவற்றுக்கு ஏற்றவை அல்ல, நகர மையத்து நிலத்தின் மதிப்பு மிக அதிகம், புதிய கட்டடத்தில் வீரர்களுக்கு வசதி கூடும் என்பார்கள். வீரர்களின் வசதி பற்றிய கவலை நியாயமானது. நினைவுச்சின்னம் என்ற பெயரால் அவர்களை நெருக்கடியில் வைத்திருப்பது தவறு. அதற்குத் தீர்வு உட்புறத்தைப் புதுப்பிப்பது. வண்டிகளைப் பொறுத்தவரை, நெருக்கமான இடங்களுக்கென்றே ‘ரெட் ரைனோ’ என்னும் சிறிய வண்டியைப் படை 2000ஆம் ஆண்டு முதல் பயன்படுத்திவருகிறது. நிலத்தின் மதிப்பைச் சொல்பவர்கள் நேரத்தின் மதிப்பையும் கணக்கிட வேண்டும். தீ பற்றிய இடத்தை 8 நிமிடங்களுக்குள் அடைவதே படையின் இலக்கு. அலுவலகங்களும் விடுதிகளும் வழிபாட்டு இடங்களும் செறிந்த நகர மையத்தில், அந்த இலக்கைக் காக்க ஹில் ஸ்திரீட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அன்று இடம் தேர்ந்தவர்களின் கணிப்பு இன்றும் பொய்க்கவில்லை.

நினைவுச்சின்னச் சட்டம் இடிப்பதையும் அனுமதியின்றி மாற்றுவதையும் தடுக்கிறது. உள்ளே நடக்கும் வேலை தொடர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. இந்த இடைவெளியை மூட வேண்டும். முதலாவதாக, மத்தியத் தீயணைப்பு நிலையத்தின் தீயணைப்புப் பயன்பாட்டையே அதன் மரபு மதிப்பின் ஒரு கூறாக அரசு பதிவுசெய்ய வேண்டும். படை வெளியேறுவதானால் பொதுமக்களின் கருத்தறிந்த பிறகே முடிவு எடுக்கப்பட வேண்டும். அடுத்ததாக, வாயிலின் உட்புறம், தரையின் தாங்குதிறன், வீரர்களின் ஓய்வறை போன்றவற்றில் பணிக்குத் தேவையான மாற்றங்களுக்கு மரபுடைமை அதிகாரிகள் தாமதமின்றி அனுமதி வழங்க வேண்டும். முகப்பும் கோபுரமும் மாறாதிருக்க, உள்ளே இருப்பவை காலத்தோடு மாறலாம். அந்த மாற்றங்களுக்கு ஆகும் கூடுதல் செலவைத் தீயணைப்புப் படையின் தலையில் மட்டும் சுமத்தாமல், மரபுடைமைக்கான நிதியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்குவதே முறை.