இறக்கி ஒட்டுவதற்கு முன்

விமான நிலையங்களில் கழிப்பறை, லிஃப்ட், பெட்டி எடுக்கும் இடம் என்று வழிகாட்டும் அந்தக் கறுப்பு வெள்ளை உருவங்களில் பலவற்றுக்கு மூலம், ரோஜர் குக், டான் ஷனோஸ்கி என்ற இரு அமெரிக்க வடிவமைப்பாளர்களின் வேலைமேசை. அந்நாட்டுப் போக்குவரத்துத் துறைக்காக ஏ.ஐ.ஜி.ஏ. என்ற வடிவமைப்பாளர் அமைப்பு ஏற்றுச் செய்த பணி அது. 1974இல் 34 சின்னங்கள், 1979இல் மேலும் 16. ஐம்பதுக்கும் பதிப்புரிமை கிடையாது. யாரும் எடுத்தாளலாம், யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் இன்று ‘ஃப்ரீ’ என்ற பெயரில் கிடைக்கும் ஐகான்கள் எல்லாமே அந்த ரகம் அல்ல. கூகுளின் மெட்டீரியல் ஐகான்களுக்கு அப்பாச்சி உரிமம், ஃபெதர் தொகுப்புக்கு எம்.ஐ.டி. உரிமம். ஃபாண்ட் ஆசமின் இலவச ஐகான்களுக்கோ சி.சி. பை 4.0, அதாவது, யாருடையது என்று சொல்லியாக வேண்டும். பதிவிறக்கும் எஸ்.வி.ஜி. கோப்புக்குள்ளேயே அந்த அறிவிப்பு இருப்பதால் வலைத்தளம் செய்பவருக்குக் கவலையில்லை. அதே ஐகானைத் துண்டறிக்கையில் வைத்து அச்சடித்தால் காகிதத்தில் அந்த வரி வராது. நாம்தான் ஓர் ஓரத்தில் போட வேண்டும். பெரும்பாலும் போடுவதில்லை, கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வாடிக்கையாளர். ஒவ்வொரு வேலையின் ஃபோல்டரிலும் உரிமக் கோப்பையும் சேர்த்து வைப்பது அரை நிமிட வேலைதான்.

உரிமத்தால் தீராத சிக்கலும் உண்டு. மருத்துவமனை, மருந்துக்கடை வேலை என்றால் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையை வைக்கக் கை தானாகப் போகிறது. அது ஜெனீவா ஒப்பந்தங்கள் காக்கும் அடையாளம். இந்தியாவிலும் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி, அனுமதியின்றிப் பயன்படுத்துவது தடை. ஐகானை வரைந்தவர் எத்தனை தாராளமாகக் கொடுத்திருந்தாலும் இதில் செல்லாது. முதலுதவிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது, அதை வையுங்கள்.

வெக்டர் என்றால் எந்த அளவுக்கும் போகும் என்கிறோம். பாதிதான் உண்மை. ஃபெதர் வகை ஐகான்கள் 24 அலகுக் கட்டத்தில் 2 அலகுக் கோட்டால் வரையப்பட்டவை. விசிட்டிங் கார்டில் 3 மி.மீ. உயரத்துக்குச் சுருக்கினால் கோட்டின் தடிமன் கால் மில்லிமீட்டர். வெள்ளைத் தாளில் கறுப்பாக அடித்தால் தாங்கும். அடர்நிறத் தளத்தில் வெள்ளையாக விட்டால் மை பரவி இடுக்குகள் அடைபடும். சின்ன அளவுக்குக் கோட்டு ஐகானை விட்டு நிரப்பிய ஐகானை எடுப்பதே நல்லது. பெரிதாக்கும்போது வேறு வம்பு: கோட்டையும் சேர்த்துப் பெரிதாக்கும் அமைப்பை அணைத்து வைத்திருந்தால், ஃப்ளெக்ஸில் உருவம் மட்டும் வளர்ந்து கோடு நூலாக நிற்கும். கோட்டை அவுட்லைனாக மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

நிறத்திலும் கவனம் வேண்டும். எஸ்.வி.ஜி. திரைக்காகப் பிறந்தது, நடைமுறையில் ஆர்.ஜி.பி. வண்ணம்தான். அதிலுள்ள கறுப்பை அப்படியே சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றினால் நான்கு பிளேட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ரெஜிஸ்ட்ரேஷன் மயிரிழை விலகினாலும் சின்ன ஐகானின் ஓரத்தில் வண்ணம் எட்டிப் பார்க்கும். கே 100, மற்றவை பூஜ்யம் என்று கையால் மாற்றுங்கள். பழி என்னவோ அச்சகத்தார் மேல்தான் விழுகிறது, பாவம்.

இதையெல்லாம் செய்வதற்குத்தான் நாம் கூலி வாங்குகிறோம். ஐகான் இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக பில்லில் அந்த வேலையைக் குறைத்துப் போட வேண்டாம்.

எடுத்துக்கொண்டே இருக்கும் நாம் கொடுப்பது மிகக் குறைவு. ரேஷன் கடை, ஷேர் ஆட்டோ, குத்துவிளக்கு, தண்ணீர்ப் பந்தல் என்று ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக வரைகிறோம். பணம் வந்ததும் அந்தக் கோப்பு நம் கணினியிலேயே முடங்கிவிடுகிறது. வாடிக்கையாளர் சம்மதித்தால் அவற்றை, யார் பெயரையும் சொல்லத் தேவையில்லாத சி.சி. 0 உரிமத்தில் வெளியிடுங்கள். உரிமத்தின் பெயரைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.