முதலில் வாட்டம், அப்புறம்தான் டைல்ஸ்

எங்கள் தெருவில் இந்த மாதம் மட்டும் மூன்று வீடுகளில் பாத்ரூம் வேலை நடக்கிறது. அம்பத்தூர்க்காரர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கி ஆலையிலும் வேலை பார்த்துக்கொண்டு, கடன் வாங்கி, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வயதாகிவிட்டது. நமக்கும்தான்.

மூன்று வீட்டுக்காரர்களும் என்னைக் கூப்பிட்டு டைல்ஸ் சாம்பிளைக் காட்டினார்கள். ஒருவர்கூடத் தரையைக் காட்டவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டைல்ஸ் கடையில் இரண்டு நாள் நிற்கிறோம். குஜராத் மோர்பியிலிருந்து வந்த சரக்கா, பூப்போட்டதா, பளிங்கு மாதிரியா என்று குடும்பமே கூடி விவாதிக்கிறது. அந்த டைல்ஸுக்கு அடியில் என்ன இருக்கப் போகிறது என்று கேட்க இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

இதைச் சொல்ல எனக்கு அனுபவம் உண்டு. ஆறு வருடம் முன்பு எங்கள் மாடி பாத்ரூமைப் புதுப்பித்தபோது வந்தவர் சொன்னார்: "பழச ஒடைக்கவே வேணாம் சார். மேலயே ஒட்டிடலாம். ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்துடறேன்." தூசி இல்லை, செலவு குறைவு. சரி என்றேன். தரை முக்கால் அங்குலம் உயர்ந்தது. இருந்த கொஞ்சநஞ்ச வாட்டமும் போயிற்று. மூலையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் அந்தத் தண்ணீரில்தான் என் மனைவி வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அது ஆறி முடிவதற்குள் கீழே குடியிருக்கும் பெண் வந்து, "அங்கிள், எங்க கிச்சன் சீலிங்கக் கொஞ்சம் வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். சீலிங் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு எல்லாவற்றையும் உடைத்தோம். நம் பழைய வீடுகளில் கழிவறைக்காகத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, குழாய்களைப் பதித்து, பள்ளத்தை உடைந்த செங்கல்லும் ரப்பிஷும் போட்டு நிரப்பியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த ரப்பிஷ் முழுக்கக் கறுத்து, ஊறிப்போய்க் கிடந்தது. வெளியேற வழியில்லாத ஒரு தொட்டியை இத்தனை காலம் தலைக்கு மேல் வைத்திருந்தோம். அதற்கு மேல் அழகாக மூடி போட்டவன் நான்.

யாரைக் குறை சொல்வது? டைல்ஸ் ஒட்டியவரையா? யோசித்துப் பார்த்தால் குற்றம் நம்முடையது. நாம் கூலி பேசுவது சதுர அடிக்கு. ஒட்டிய டைல்ஸுக்குத்தான் காசு. கொத்துவதற்கும், கழுவுவதற்கும், காயவிடுவதற்கும், தண்ணீர் நிறுத்திக் காத்திருப்பதற்கும் நாம் ஒரு ரூபாய் தருவதில்லை. காசு தராத வேலையை யார் செய்வார்?

"டைல்ஸே தண்ணீரைத் தடுக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, உண்மை. ஆனால் தண்ணீர் இறங்குவது இணைப்புகள் வழியாக. அங்கே பூசும் சிமெண்ட் கலவை தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரைத் தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் பூச்சு.

பழைய டைல்ஸ் மேல் ஒட்டுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஹாலில், தட்டிப் பார்த்து எங்கும் பொள்ளல் சத்தம் வராவிட்டால், அதற்கான பசை கொண்டு தாராளமாக ஒட்டலாம். பாத்ரூமில் வேண்டாம். அங்கே அது ஒழுக்கை நிறுத்தாது, மறைக்கத்தான் செய்யும்.

வேறென்ன செய்ய வேண்டும்? பழைய டைல்ஸ், கலவை, ரப்பிஷ் எல்லாவற்றையும் கான்கிரீட் தெரியும் வரை எடுக்க வேண்டும். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் இருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். குழாய் நுழையும் ஓட்டைகளை அடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைத்துப் பூச வேண்டும். பிறகு நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு இரண்டு கை. முதல் கை காய்ந்த பிறகுதான் அடுத்தது. தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓரடியாவது ஏற்ற வேண்டும், குளிக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு. பள்ளத்தை நிரப்பி வாட்டம் கொடுத்த பிறகு மேலேயும் அதே பூச்சு.

அப்புறம் தண்ணீர் போகும் வழியை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கீழ் வீட்டுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். சீலிங்கில் ஈரம் இருந்தாலோ, தண்ணீர் கோட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கியிருந்தாலோ, டைல்ஸ் பெட்டியைத் திறக்காதீர்கள்.

வாட்டம் ஆறடிக்கு ஓர் அங்குலமாவது வேண்டும். ரசமட்டத்தை மட்டும் நம்பாமல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். பாத்ரூம் தரை அறையின் தரையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். டைல்ஸும் சின்னதாக, ஓரடிக்கு ஓரடி போதும். பெரிய பலகை போன்ற டைல்ஸை நாலு பக்கமும் வாட்டத்துக்கு வளைக்க முடியாது. சின்ன டைல்ஸில் இணைப்புகள் அதிகம், நம் வயதுக் கால்களுக்குப் பிடிப்பும் அதிகம். பளபளப்பு சுவரோடு நிற்கட்டும்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? மொட்டை மாடிக்கு நாம் இதெல்லாம் கேட்போம். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். இன்றும் மாடியில் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காத வீட்டுக்காரர் இல்லை. மாடியில் பெருமழை விழுவது ஐப்பசி, கார்த்திகையில். பாத்ரூமில் தினமும் மழை.

அடுத்த முறை கூலி பேசும்போது அடிவேலைக்குத் தனிக் கூலி என்று எழுதிக் கொடுங்கள். தண்ணீர் நிறுத்தும் இரண்டு நாளுக்கும் ஒரு தொகை சேர்த்துப் பேசுங்கள். அந்த மூன்று வீட்டுக்காரர்களிடமும் இதையே சொன்னேன். ஒருவர் வேலையை நிறுத்தித் தண்ணீர் தேக்கியிருக்கிறார். மற்ற இருவர் நான் வேலையைக் கெடுக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். தரையில் வாட்டம் இல்லாவிட்டால் பிறகு முகத்தில் வாட்டம் வரும். அதை நான் என் வீட்டில் ஆறு வாரம் பார்த்தேன்.